வெல்வெட் பெட்டிக்குள் இருந்த பல்

புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் உங்களில் மூன்று பேராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கீழ்த் தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, அதன்மேல் கழற்றி மாட்டும் பல் செட் செய்யும்போது கடவாய்க்கு எந்த வடிவப் பல்லைப் போடுவது? மேடு பள்ளம் உள்ளதா, தட்டையா? ஒரே வரியில் சொல்லுங்கள் மேடம் என்கிறீர்கள். ஒரே வரியில் சொல்லக்கூடிய ஆளாக நானும் ஒரு காலத்தில் இருந்தேன். அந்த ஒரு வரியை எழுதி, படமெல்லாம் சேர்த்து, மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கத் தயாராக இருந்தேன். கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

தொண்ணூற்றாறில் தேனியில் கிளினிக் போட்டேன். முதல் பத்து வருடம் கீழ் செட் என்றாலே எனக்குப் பயம். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டுக்குப் பிடிமானம் கிடையாது. நாக்கு அசைந்தால் அதுவும் அசையும். தும்மும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிற மனிதர்களை நான் எத்தனையோ பேரை உருவாக்கி அனுப்பியிருக்கிறேன். பிறகு மதுரையிலிருந்து ஒரு சர்ஜன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இம்ப்ளாண்ட் வைக்க ஆரம்பித்தார். முன்பக்கத் தாடை எலும்பில் இரண்டு உலோகத் திருகு, தலையில் குண்டு வைத்தது. செட்டின் அடியில் இரண்டு ரப்பர் வளையம். சட்டையில் டிச்சு பட்டன் போடுவது போல அமுக்கினால் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு 'ஆணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாயிரத்து ஆறு ஏழு வாக்கில் என்னிடம் ஆணி வைத்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி ரெப் புதிய வகைப் பல் கொண்டுவந்தார். நல்ல உயரமான மேடுகள், ஆழமான பள்ளங்கள், பார்ப்பதற்கு இருபது வயதுக்காரரின் கடவாய்ப் பல் மாதிரியே இருந்தது. நான் மயங்கிப்போனேன். கீழ் செட்தான் இப்போது ஆடுவதில்லையே, இனி எதற்குத் தட்டைப் பல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றேன்.

என் டெக்னீசியன் ஒத்துக்கொள்ளவில்லை. இவர்தான் நான் சொன்ன அந்த மனிதர். என் நோயாளிகளுக்குச் செட் செய்து கொடுத்தவர்; என் வயதுக்காரர்; பேச்சைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பவர். பெயரைப் போட்டால் இனிமேல் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று மிரட்டியிருப்பதால் போடவில்லை. அவர் அன்று சொன்னது இவ்வளவுதான்.

"கீழ் செட்டுக்கு ஆணி இருக்கு டாக்டரம்மா. மேல் செட்டுக்கு என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. கீழே இருப்பது கெட்டியாகிவிட்டால், உயரமான மேடுகள் மேல் செட்டைப் பிடித்து அசைக்கும் என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்வியை யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருவது பழைய வியாதி. சரி, வாதம் எதற்கு, ஆறு பேருக்கும் இரண்டு கீழ் செட்டாகச் செய்துவிடுவோம் என்றேன். ஒன்றில் தட்டைப் பல், ஒன்றில் மேட்டுப் பல். மேல் செட் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றே. மூன்று பேர் தட்டையில் ஆரம்பிக்கட்டும், மூன்று பேர் மேட்டுப் பல்லில். இரண்டையும் முதல் நாளே கையில் கொடுத்துவிடுவோம்; ஆறு வாரம் ஒன்று, ஆறு வாரம் மற்றது. கடைசியில் அவர்களையே கேட்போம். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் போடிநாயக்கனூர்க்காரர் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜமாணிக்கம். ஐம்பத்தெட்டு, அறுபது இருக்கும். ஒரு ஏலக்காய்க் கடைக்காக ஏலத்தில் உட்கார்ந்து சரக்கு எடுப்பது அவர் வேலை. நிறமும் பருமனும் கண்ணுக்குத் தெரியும்; காய்ந்த பதம் தெரியாது. அதற்குத் தோலை உரித்து, கறுப்பு விதை ஒன்றைக் கடவாயில் வைத்து ஒரு கடி கடிப்பார். நன்றாகக் காய்ந்த விதை பட்டென்று உடையும். ஈரம் நின்ற விதை நசுங்கும். அந்த ஒரு கடியில்தான் அவர் முப்பது வருடம் பேர் வாங்கியிருந்தார். பல் போய்ப் பழைய மாதிரி செட் போட்ட பிறகு அந்தக் கடி போயிற்று. ஈரச் சரக்கு ஒன்றை நல்லது என்று எடுத்து, அது குடோனில் பூசணம் பிடித்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர், திட்டவில்லை. அடுத்த சீசனிலும் இப்படி ஆனால் நீங்கள் கடையிலேயே இருந்துகொள்ளுங்கள், ஏலத்துக்கு வேறு ஆளை அனுப்பிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் அவர் ஆணி வைத்துக்கொண்டார். முதல் நாளே என்னிடம் சொன்னார், சோறு எப்படியும் இறங்கிவிடும், எனக்கு அந்த 'பட்' வேண்டும் என்று.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். நான் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டேன். ஆறில் ஐந்து பேர் மேட்டுப் பல்தான் என்றார்கள். அருமை, பிரமாதம், சொந்தப் பல் மாதிரியே இருக்கிறது என்றார்கள். ஜெயமங்கலத்திலிருந்து வந்த வெள்ளையம்மாள் மட்டும் தட்டைதான் வேண்டும், இன்னொன்று மேல் செட்டைக் கீழே தள்ளுகிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தாளில் அந்தம்மா பெயருக்கு எதிரே, பழக முயற்சி செய்யவில்லை என்று எழுதினேன். என் கையெழுத்தில் அது இன்னும் இருக்கிறது.

ராஜமாணிக்கம் வந்தது திங்கட்கிழமை. மேட்டுப் பல்தான் டாக்டரம்மா, சந்தேகமே இல்லை என்று சொல்லித் தட்டைச் செட்டைக் கையில் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, வலது பக்கம் லேசாக உறுத்துகிறது என்றார். நான் பார்த்து, கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தேன். ஆறு வாரம் போட்டுச் சாப்பிட்ட செட் ஏழாவது வாரம் ஏன் புதிதாக உறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனதுக்குள் மதுரைக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை சீசனின் முதல் பெரிய ஏலம் என்றும் அவர் சொன்னார். நன்றாக நடக்கும், போய் வாருங்கள் என்று அனுப்பினேன்.

செவ்வாய் காலை டெக்னீசியன் வந்தார். திரும்பி வந்த ஆறு செட்டையும் சுத்தம் செய்ய முந்தின நாள் வாங்கிப் போயிருந்தார். என் மேஜைமேல் ஒரு டிரேயை வைத்து, அதில் ஆறையும் வரிசையாக அடுக்கினார். ஐந்து தட்டைச் செட். ஆறாவது, வெள்ளையம்மாள் திருப்பிக் கொடுத்த மேட்டுப் பல் செட்.

"இது ஒண்ணுதேன் ஆறு வாரம் தின்ன பல்லு டாக்டரம்மா. மத்த அஞ்சையும் நல்லாப் பாருங்க."

பார்த்தேன். வெள்ளையம்மாளின் செட்டில் மஞ்சள் கறை லேசாக, பள்ளங்களில் மட்டும். மற்ற ஐந்திலும் கறை அடிவரை இறங்கியிருந்தது. கடிக்கும் பக்கம் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. ரப்பர் வளையங்கள் தொளதொளத்துப் போயிருந்தன. ஆறு வாரத்தில் அப்படி ஆகாது. மூன்று மாதமும் சோறு, குழம்பு, கறி எல்லாம் இதில்தான் நடந்திருக்கிறது. அப்படியானால் அருமை, பிரமாதம் என்று சொன்னார்களே, அந்த மேட்டுப் பல் எங்கே இருந்தது?

டெக்னீசியன் என் மேஜை ஓரத்தைக் கண்ணால் காட்டினார். அங்கே காலியாக ஒரு சின்னப் பெட்டி கிடந்தது. சிவப்பு வெல்வெட், உள்ளே வெள்ளை சாட்டின். கம்மல் வாங்கினால் நகைக்கடையில் கொடுப்பார்களே, அதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ரெப் மேட்டுப் பல்லோடு இலவசமாக ஏழு பெட்டி கொடுத்திருந்தார். ஆறு பேருக்கும் மேட்டுப் பல்லை அதில் வைத்துத்தான் கொடுத்தேன். புதிதாக வந்திருக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு என்று ஆசை ஆசையாகச் சொல்லியும் கொடுத்தேன். தட்டைப் பல்லைச் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தேன்.

நம் வீடுகளில் வெல்வெட் பெட்டியில் வருவது எங்கே போகும்? பீரோவுக்குத்தான் போகும்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, ஆத்திரம்தான். மூன்று மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறார்களே என்று. டெக்னீசியனிடமும் எரிந்து விழுந்தேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை வைத்துக்கொண்டு இப்போது வந்து சொல்கிறீர்களே என்று. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. போடிக்காரருக்கு நாளைக்கு ஏலம் என்று மட்டும் சொல்லிவிட்டு, ராஜமாணிக்கத்தின் தட்டைச் செட்டை எடுத்துப் புது ரப்பர் வளையம் போட்டு, கழுவி, என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் வாய்க்குப் பழகாத ஒரு செட்டோடு அந்த மனிதரை அவர் பிழைப்புக்கு முன்னால் அனுப்பியிருக்கிறேன். பிற்பகல் நோயாளிகளை வேறு நாளைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போடிக்குக் காரை எடுத்தேன்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை; வழியெல்லாம் ராஜமாணிக்கத்தைத் திட்டுவதற்கு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை. ராஜமாணிக்கம் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மூன்று கிண்ணத்தில் ஏலக்காய். சுற்றிலும் கடித்துத் துப்பிய விதைகளும் தோல்களும். முந்தின நாளிலிருந்து கஞ்சிதான் குடிக்கிறார் என்று அவர் மனைவி பாக்கியம் சொன்னார். காலையிலிருந்து கடித்துக்கொண்டே இருக்கிறார், எது காய்ந்தது எது காயாதது என்று தெரியவில்லை. என்னைக் கண்டதும் பதறி எழுந்து, செட் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா என்றார். அந்த நிலைமையிலும் அதைத்தான் சொன்னார்.

நான் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாக்கியம்தான் பேசினார்.

"கல்யாணங் காச்சிக்கும் உங்ககிட்ட வர்ற அன்னைக்கும் மட்டுந்தேன் போட்டாக டாக்டரம்மா. மத்த நாளு என் பட்டுச் சேலையோட பீரோவுலதேன் இருந்துச்சு. இதைப் போட்டுக் கருவாடு திங்கிறதான்னு நாந்தேன் எடுத்து வச்சேன்."

பிறகு ராஜமாணிக்கம் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க அம்புட்டு ஆசையாக் குடுத்தீக. நல்லால்லன்னு உங்க மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்றது?"

அந்த மனிதர் என்னை ஏமாற்றவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று தன் பிழைப்பையே பணயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிடுங்கள் அண்ணே என்று சொன்னேன். நோயாளியிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இனி நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நான் இரண்டாவது தப்பையும் செய்திருப்பேன். கையில் தட்டைச் செட் இருந்தது. இந்தாருங்கள், இதுதான் உங்களுக்குச் சரி என்று கொடுத்திருந்தால் அவர் உடனே, ஆமாம் டாக்டரம்மா, இதுதான் அருமை என்றிருப்பார். நேற்று மேட்டுப் பல், இன்று தட்டை. இரண்டு நாளும் அவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவர் ஆகியிருப்பார். மேட்டுப் பல்லே போட்டுக்கொள்ளுங்கள், நாலு வாரத்தில் பழகிவிடும் என்று சொல்வதற்கும் புத்தகத்தில் ஆதாரம் உண்டு. ஆனால் ஏலத்துக்கு இருந்தது ஒரு ராத்திரி.

எது பிடிக்கிறது என்று கேட்கவே கூடாது என்று முடிவு செய்தேன். மரியாதைக்காக மாற்றிச் சொல்ல முடியாத ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்வி அவர் முன்னாலேயே மூன்று கிண்ணத்தில் இருந்தது. ஒன்று நன்றாகக் காய்ந்தது, ஒன்று அரைக் காய்ச்சல், ஒன்று ஈரம் நிற்பது. எது எது என்று பாக்கியத்துக்குத் தெரியும். அந்தம்மா சிறு வயதிலிருந்தே காய் பொறுக்கும் வேலை செய்தவர். ராஜமாணிக்கத்தைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பாக்கியம் விதையை உரித்து உரித்துக் கையில் கொடுப்பார். அவர் கடித்துவிட்டு, காய்ந்ததா, அரையா, ஈரமா என்று சொன்னால் போதும். செட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நானும் பேச மாட்டேன்.

முதலில் மேட்டுப் பல். விதை பள்ளத்துக்குள் உருண்டு போய்விடுகிறது, மேடு அதைத் தொடவே இல்லை. அழுத்திக் கடித்தால் மேல் செட் ஒரு பக்கம் எழும்புவது எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. டெக்னீசியன் சொன்னது அப்படியே. காய்ந்ததை அரை என்றார், ஈரத்தைக் காய்ந்தது என்றார், பிறகு யோசித்து மாற்றினார். பாக்கியத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

அதைக் கழற்றச் சொல்லித் தட்டையைக் கொடுத்தேன். முதல் விதையை வைத்துக் கடித்தார். கூடத்தில் இருந்த மூன்று பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்தது என்றார். அடுத்தது ஈரம். அடுத்தது அரை. பாக்கியம் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒரே கிண்ணத்திலிருந்து இரண்டு தடவை கொடுத்தும் ஏமாற்றிப் பார்த்தார். அவர் ஒன்றுகூடத் தவறவில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகு வேகம் வந்துவிட்டது. முதுகு நிமிர்ந்து, கையை நீட்டி, அடுத்தது அடுத்தது என்று அதட்டலாகக் கேட்க ஆரம்பித்தார். அதுவரை நான் பார்த்திருந்த ராஜமாணிக்கம் நாற்காலியில் பணிவாக வாயைத் திறந்தவர். ஏலத்தில் உட்காருகிறவர் எப்படி இருப்பார் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"எலும்பு வரைக்கும் தெரியுது டாக்டரம்மா" என்றார் கண்ணைத் திறக்காமலேயே.

மறுநாள் அவர் தட்டைப் பல்லோடு ஏலத்துக்குப் போனார். நான் ஜெயமங்கலம் போனேன். வெள்ளையம்மாளிடம் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். கொண்டுபோன அன்றே மருமகள் தன் மூக்குத்தியும் தோடும் வைக்க எடுத்துக்கொண்டாளாம். அதனால் மேட்டுப் பல்லும் ஒரு பழைய டப்பாவில் கிடந்திருக்கிறது. அவரும் இரண்டையும் ஒரே மாதிரி போட்டுத் தின்றிருக்கிறார். ஆறு பேரில் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் முயற்சி செய்யாதவர் என்று எழுதி வைத்திருந்தேன். அதையும் அவரிடம் சொன்னேன். "அதுக்கென்ன, போயிட்டுப் போகுது, மோர் குடிக்கிறீகளா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நான் வாசித்தது முடிவுகளை அல்ல, பெட்டியின் கதையை. சிலர் சிரித்தார்கள். எனக்கு வகுப்பெடுத்த ஒரு பேராசிரியர் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "நானும் எத்தனை வருஷமா இந்தப் பெட்டியைக் கொடுத்துக்கிட்டு இருக்கேனோ தெரியலையே" என்றார். வெள்ளையம்மாளைத் தவிர மற்ற ஐந்து பேரையும் திரும்ப அழைத்து, இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் கொடுத்து, மறுபடி ஆரம்பித்தோம். இம்முறை நான் கேட்கவில்லை, டெக்னீசியன் கேட்டார். கறையையும் ரப்பர் வளையத்தையும் பார்த்தபிறகே வாய்ப் பேச்சைத் தாளில் எழுதினோம். சிலருக்குத் தட்டை, சிலருக்கு மேடு. மேல் செட் எப்படி உட்காருகிறது, அவர் எதைக் கடித்துப் பிழைக்கிறார் என்பதைப் பொறுத்து மாறியது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். ஒரு வரியில் அடங்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

ஏலம் முடிந்த அடுத்த வாரம் ராஜமாணிக்கம் கிளினிக்குக் கடைப்பையோடு வந்தார். பையிலிருந்து அந்த வெல்வெட் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறந்தால், வெள்ளை சாட்டினுக்கு மேலே நிறைய ஏலக்காய், நல்ல பச்சை, ஒன்றுபோல் பருமன். அன்றைக்கு எடுத்த சரக்கில் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாம். முதலாளி அடுத்த ஏலத்துக்கும் அவரையே போகச் சொல்லியிருக்கிறார்.

"இதை உள்ள வச்சுப் பூட்டிராதீக, டாக்டரம்மா" என்றார்.

பூட்டவில்லை. டெக்னீசியனைக் கூப்பிட்டு, அங்கேயே டீ போடச் சொல்லி, நாலு காயைத் தட்டிப் போட்டு மூன்று பேரும் குடித்தோம். தட்டுவதற்கு முன் ராஜமாணிக்கம் ஒரு விதையை எடுத்துக் கடவாயில் வைத்தார். டெக்னீசியன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பட்டென்று உடைந்தது.